நகைச்சுவை நாடக வேந்தர் மோலியேர்

சூழ்ச்சி செய்பவரைச் சகுனி என்று நாம் சுட்டுவது போலப் பிரெஞ்சு மக்கள் கஞ்சனை அர்பகோன் என்றும், பக்தி வேடம் பூண்டு ஏமாற்றுபவனைத் தார்த்தூஃப் என்றும் சுட்டுவர. இவ்விரண்டும் நாடகப் பாத்திரங்களின் பெயர்கள். மேடையில் பிறந்து அகராதியில் இடம்பெற்றவை. அவற்றைப் படைத்தவர் மோலியேர். பிரெஞ்சு மொழியையே மோலியேரின் மொழி என்று குறிப்பிடும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. ஆயினும் அவர் இறந்தபோது, அவர் உடலை அடக்கம் செய்யச் சிறிது நிலம் பெறுவதற்கே அவருடைய மனைவி அரசரிடம் சென்று மன்றாட நேர்ந்தது. அது ஏன் என்பதை அறிய அவர் வாழ்க்கையை முதலிலிருந்து காண்போம்.

மோலியேரின் இயற்பெயர் ழான் பத்தீஸ்த் பொக்லேன். 1622-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் பாரிஸ் நகரில் அவருக்குத் திருமுழுக்கு நிகழ்ந்தது. தந்தையார் இருக்கைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் துணிவேலை செய்யும் வணிகர்; அரண்மனையிலும் அப்பணிக்குரிய பதவியைப் பெற்றிருந்தார். அப்பதவி மூத்த மகனுக்கு உரியதாகும். பத்து வயதில் தாயை இழந்த சிறுவன், இயேசு சபையார் நடத்திய கிளெர்மோன் கல்லூரியில் இலத்தீன் பயின்றான். செல்வமும் கல்வியும் அரண்மனைத் தொடர்பும் ஒருங்கே வாய்த்த அவ்விளைஞர், 1643-ஆம் ஆண்டில் தந்தையின் பதவி தமக்கு வேண்டா என்று விலகி, மதலேன் பெஜார் என்னும் நடிகையோடும் வேறு சிலரோடும் சேர்ந்து நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் மோலியேர் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்துப் பிரான்சில் நடிகரின் நிலை விந்தையானது. மக்கள் அவர்களைக் காணத் திரண்டு வருவர். அரசர் பரிசு வழங்குவார். திருச்சபையோ அவர்களைப் பாவிகள் என ஒதுக்கி வைத்தது. நடிப்புத் தொழிலைக் கைவிடுவதாக உறுதியளித்தாலன்றி நடிகருக்கு இறுதிச் சடங்கு கிடைப்பது அரிது. மோலியேர் தேர்ந்துகொண்ட வழி இத்தகையது.

தொடக்கமே தோல்வியாயிற்று. 1645-ஆம் ஆண்டில் கடனுக்காகச் சில நாள்கள் சிறையில் இருந்தார். பின்னர்க் குழுவினரோடு பாரிஸை விட்டு வெளியேறி, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் லியோன் முதலிய ஊர்களிலும் தெற்குப் பகுதிகளிலும் சுற்றி நடித்தார். வணிகர், வழக்கறிஞர், மருத்துவர், வேலையாள், மாமியார், மருமகன் எனப் பலவகை மாந்தரை அவர் கண்டது அவ்வூர்களில்தான். முகமூடி அணிந்து நடிக்கும் இத்தாலிய நகைச்சுவைக் குழுக்களிடமிருந்து உடலசைவாலேயே சிரிக்க வைக்கும் கலையையும் கற்றார்.

1658-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், இருபது வயதே நிரம்பிய மன்னர் பதினான்காம் லூயியின் முன்னிலையில் அக்குழு நடித்தது. முதலில் கொர்னேய் என்னும் புலவரின் துன்பியல் நாடகம். அவையோர் அதனை அவ்வளவாக விரும்பவில்லை. அடுத்து மோலியேர் தாமே எழுதிய சிறு கேலி நாடகம். அரசர் வாய்விட்டுச் சிரித்தார். பாரிஸில் நடிக்க அரங்கமும் அரச ஆதரவும் அக்குழுவுக்குக் கிடைத்தன.

அந்நாளில் துன்பியல் நாடகமே உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அரசரும் வீரரும் அதன் தலைவர்கள். நகைச்சுவை, பொழுதுபோக்காக மட்டும் மதிக்கப்பட்டது. மோலியேர் இம்மதிப்பீட்டை மாற்றினார். அவையில் அமர்ந்திருந்தோரைப் போன்ற மாந்தரையே அவர் மேடையேற்றினார். 1668-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கஞ்சன்' நாடகத்தில், அர்பகோன் தோட்டத்தில் புதைத்து வைத்த பணப்பெட்டி களவு போகிறது. எல்லாரையும் ஐயுற்று அலறும் அவன், திருடனைப் பிடித்துவிட்டதாக எண்ணித் தன் கையையே பற்றிக்கொள்கிறான். 1670-ஆம் ஆண்டு நாடகமொன்றில் வரும் ழூர்தேன் என்னும் செல்வர், பிரபுக்களைப் போலாக விரும்பி இசைக்கும் நடனத்துக்கும் வாட்போருக்கும் தத்துவத்துக்கும் ஆசிரியர்களை அமர்த்துகிறார். தாம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிவந்தது உரைநடை என்று அறிந்து அவர் பூரித்துப் போகிறார்! இக்காட்சியை நினைத்துப் பிரெஞ்சு மக்கள் இன்றும் நகைப்பர்.

இவற்றை எவரும் பெரிதாகத் தடுக்கவில்லை. தடை வந்தது 'தார்த்தூஃப்' நாடகத்துக்கே. ஒர்கோன் என்னும் குடும்பத் தலைவர், பக்தனாக நடிக்கும் தார்த்தூஃபைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றுகிறார். மகளை அவனுக்கே மணமுடிக்க எண்ணுகிறார். மகனைத் துரத்திவிட்டுச் சொத்தையும் அவன் பெயருக்கு எழுதிவைக்கிறார். கணவரை மேசையின் கீழ் ஒளிந்திருக்கச் செய்து, அவ்வஞ்சகனின் பேச்சை அவர் செவியாலேயே கேட்குமாறு செய்கிறார் மனைவி எல்மீர். அதற்குள் வீடே பறிபோகும் நிலை வந்துவிடுகிறது.

இந்நாடகம் 1664-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் முதலில் நடிக்கப்பெற்றது. சமயப் பற்றாளர் பலர் சினந்தெழுந்தனர். ஆசிரியரைத் தீயிலிட வேண்டும் என்று குரு ஒருவர் நூலே எழுதினார். பொதுமக்கள் முன் நடிக்க அரசர் தடை விதித்தார். போலிகளைத்தான் சாடினேன், பக்தியையன்று என்பது மோலியேரின் வாதம். மெய்யும் போலியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கையில், ஒன்றை நகைத்தால் மற்றதும் இழிவுபடும் என்பது எதிர்த்தோரின் வாதம். எதிர்த்தோர் அனைவரும் வஞ்சகர் என்று தள்ளிவிடுவது முறையாகாது; அவர்களுள் உண்மையாக அஞ்சியோரும் இருந்தனர்.

மோலியேர் பின்வாங்கவில்லை. அரசருக்கு விண்ணப்பங்கள் எழுதினார். நாடகத்தின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் மாற்றி, சில பகுதிகளை மென்மையாக்கி, 1667-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் மேடையேற்றினார். மறுநாளே மீண்டும் தடை. அதனை நடிப்போர் மட்டுமின்றிப் படிப்போரும் கேட்போரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் எனப் பாரிஸ் பேராயர் அறிவித்தார். வடக்கே போர்முனையில் இருந்த அரசரிடம் நடிகர் இருவர் விரைந்து சென்று முறையிட்டனர். இறுதியாக 1669-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அனுமதி கிடைத்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. இவ்வெற்றியில் அரசரின் பங்கு பெரிது. நாடகத்தின் முடிவில் குடும்பத்தைக் காப்பதும் அரசரின் ஆணையே. எல்லாரையும் நகைத்த மோலியேர், தம்மைக் காத்த அரசரை மட்டும் நகைத்தாரில்லை.

1673-ஆம் ஆண்டில் அவர் எழுதிய இறுதி நாடகம், நோயில்லாமலே தம்மை நோயாளி என நம்பும் ஒருவரைப் பற்றியது. அப்பாத்திரத்தை ஏற்ற மோலியேரோ நெடுநாளாக நெஞ்சு நோயால் வருந்தியவர். பிப்ரவரி 17-ஆம் நாள், நான்காவது முறை நடிக்கும்பொழுது மேடையிலேயே உடல் வலித்து இழுத்தது. அதனைச் சிரிப்பால் மறைத்து நாடகத்தை முடித்தார். அன்றிரவே இல்லத்தில் உயிர் நீத்தார். அழைக்கப்பட்ட குருமார் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. நடிப்பைக் கைவிடுவதாக உறுதியளிக்காமலே இறந்தமையால், கல்லறையில் இடம் மறுக்கப்பட்டது. மனைவி ஆர்மாந்த் அரசரிடம் முறையிட்டார். அரசரின் தலையீட்டால், சடங்குச் சிறப்பின்றி இரவில் அடக்கம் செய்யலாம் எனப் பேராயர் இசைந்தார். பிப்ரவரி 21-ஆம் நாள் இரவு, மக்கள் தீப்பந்தங்களோடு உடன் நடந்தனர்.

ஏழாண்டுகள் கழித்து, 1680-இல், அரசரின் ஆணையால் கொமெதி பிரான்சேஸ் என்னும் நாடக மன்றம் உருவாயிற்று. அது இன்றும் மோலியேரின் இல்லம் என்றே வழங்கப்படுகிறது. இறுதி நாளில் அவர் அமர்ந்து நடித்த நாற்காலி அங்குக் காட்சிக்கு உள்ளது. வாழ்நாளில் அவரை உறுப்பினராக்காத பிரெஞ்சுக் கழகம், 1778-ஆம் ஆண்டில் அவரது மார்பளவுச் சிலையைத் தன் அவையில் வைத்தது.

அவர் நாடகங்கள் நம் நாட்டு மொழிகளுக்கும் வந்தன. ழூர்தேனின் கதையை ஜோதிரிந்திரநாத் தாகூர் வங்காளத்தில் 'ஹடாத் நபாப்' எனத் தந்தார். அதனையே பின்னாளில் ஹபீப் தன்வீர் 'மிர்ஸா ஷோஹ்ரத் பேக்' என்னும் பெயரில் மேடையேற்றினார். 'கஞ்சன்' நாடகம், ஆச்சார்ய அத்ரேயின் கையில் 'கவடிசும்பக்' என்னும் மராத்தி நாடகமாயிற்று. மும்பையிலோ புணேயிலோ வாழும் மாணவர்கள் அண்டை வீட்டுப் பெரியோரிடம் அப்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். அவர்களுள் சிலர் அந்தக் கஞ்சனைக் கண்டு சிரித்தவராக இருக்கக்கூடும்.