திருச்சூர் கல்லூரியில் படித்த ஈ.எம்.எஸ்.



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். இன்ஜினியர் எழுதினால் விஸ்வேஸ்வரய்யாவாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஓர் அரசியல்வாதி. அதற்குக் காரணம் இருக்கிறது.

1994-ல் தொடங்கிய நம் கல்லூரி அரசுக் கல்லூரி. ஆனால் இங்கே வருவதற்கு முன், ஃபாதர்களும் சிஸ்டர்களும் நடத்தும் பள்ளிகளில் பிளஸ் டூ வரை படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படித்தான். எந்தச் சாமியையும் கும்பிடாதவன் நான். காலை ஜெபத்தின்போது மரியாதைக்கு அமைதியாக நிற்பேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போக, நாங்கள் நன்னெறி வகுப்புக்குப் போவோம். யாரும் என்னை மாற்றப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மனசில் இருந்துகொண்டே இருந்தது. ஒரு மதத்தார் நடத்தும் நிறுவனத்தில் படிப்பை வாங்கிக்கொண்டு, அந்த நம்பிக்கையை மட்டும் ஏற்காமல் வெளியே வருகிறவனுக்கு, அந்த நிறுவனத்தோடு என்ன உறவு? அதன் குறையைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வியை வாழ்ந்தே பார்த்தவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு.

1909 ஜூன் 13 அன்று, இன்றைய மலப்புரம் மாவட்டத்தில் பெரிந்தல்மண்ணைக்கு அருகே ஏலங்குளத்தில், பெரிய நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். நம்பூதிரி வழக்கப்படி சிறுவயதில் வீட்டிலேயே சமஸ்கிருதமும் ரிக் வேதமும் படித்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததே மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான். பேச்சில் திக்கு வேறு. இப்படிப்பட்ட வைதிக வீட்டுப் பிள்ளை பி.ஏ. படிக்கச் சேர்ந்தது எங்கே தெரியுமா? திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில்! கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்திய கல்லூரி அது. 1889-ல் பள்ளியாகத் தொடங்கி 1919-ல் கல்லூரியாக உயர்ந்தது. அன்றைக்கு நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் அது இணைந்திருந்தது.

அந்தக் காலத்திலேயே அவர் தன் சமூகத்தின் பழைய கட்டுப்பாடுகளை எதிர்க்கும் இளைஞர் கூட்டத்தில் இருந்தார். நம்பூதிரிப் பெண்கள் அடுக்களைக்குள்ளேயே அடைந்து கிடந்த நிலையை மாற்றப் பாடுபட்ட கூட்டம் அது. சொந்த மதத்தின் பிடியிலிருந்தே விலகத் தொடங்கிய பையன் இன்னொரு மதத்தார் கல்லூரியில் உட்கார்ந்து சரித்திரம் படித்தான். பி.ஏ. முடியவில்லை. 1932-ல் சட்டமறுப்பு இயக்கத்துக்காகக் கல்லூரியை விட்டார், சிறைக்குப் போனார். அதன்பின் காங்கிரஸ் சோஷலிஸ்டு, பிறகு கம்யூனிஸ்டு. கடவுள் நம்பிக்கை போயே போச்சு. தன் பங்குக்கு வந்த சொத்தையும் விற்றுக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்.

1957 ஏப்ரல் 5 அன்று, 47 வயதில், கேரளத்தின் முதல் முதலமைச்சரானார். அவர் கல்வி அமைச்சராக வைத்துக்கொண்டவர் ஜோசப் முண்டசேரி. பிறப்பால் கத்தோலிக்கர். அதே செயின்ட் தாமஸ் கல்லூரியில் நீண்ட காலம் மலையாளம் கற்பித்த பேராசிரியர்! இருவரும் சேர்ந்து அந்த ஆண்டே கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார்கள்.

அப்போது தனியார் பள்ளி வாத்தியார்கள் பாடு ரொம்பக் கஷ்டம். கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறு தொகை என்ற குறை பரவலாக இருந்தது. வேலைக்கும் உத்தரவாதம் கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும், தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்துதான் ஆசிரியரை நியமிக்க வேண்டும், நிர்வாகம் சரியில்லாத பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் மசோதா சொன்னது.

திருச்சபை கொதித்தது. அதன் பயத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தாங்கள் கட்டி வளர்த்த பள்ளியில் யார் பாடம் நடத்துவது என்பதைக் கடவுள் மறுப்பாளர் அரசு முடிவு செய்தால், நாளைக்குப் பள்ளி யாருடையது? குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதம் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சிறுபான்மையினர் தங்கள் நிறுவனங்களை நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30-வது பிரிவு தந்தது, பள்ளியை எடுத்துக்கொள்ளும் விதிகள் அதை மீறுகின்றன என்றது. அதேசமயம், நடத்தும் உரிமை என்பது மோசமாக நடத்தும் உரிமை ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது.

திருத்தப்பட்ட சட்டத்துக்கு 1959 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் சண்டை ஓயவில்லை. திருச்சபை, மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டி, முஸ்லிம் லீக், காங்கிரஸ் எல்லாம் ஒன்று சேர்ந்து ஜூன் 12-ல் விமோசன சமரத்தைத் தொடங்கின. மறுநாளே அங்கமாலியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பழி ஈ.எம்.எஸ். அரசின் மீது விழுந்தது. அது அழியாத பழிதான். ஜூலை 31-ல் மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் கேரள நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் கேன்டீன் மேஜை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்!

1967-ல் மறுபடியும் முதல்வரானார். 1998 மார்ச் 19-ல் மறைந்தார். அவர் போட்ட சட்டத்தில் எது நின்றது? கேரளத்தில் உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது இன்றும் நிர்வாகம்தான். சம்பளம் கொடுப்பது அரசு. அதாவது, திருச்சபை கேட்டதில் முக்கியமானது அதற்குக் கிடைத்தது. வாத்தியார் வீட்டு அடுப்பும் எரிகிறது.

இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நாத்திகருக்கும் மதத்துக்கும் நடந்த யுத்தம் மாதிரி இருக்கும். ஆனால் மசோதாவின் கர்த்தாவே அந்தக் கல்லூரியின் கத்தோலிக்கப் பேராசிரியர். அவர்கள் கேட்டது யாருடைய வேதத்தைப் பற்றியும் அல்ல. வாத்தியார் சம்பளத்தைப் பற்றி, வேலை உத்தரவாதத்தைப் பற்றி. படிப்பு தந்த இடத்துக்கு நன்றி என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. அங்கே நமக்குப் பாடம் சொன்னவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பதும் நன்றிதான். அப்படிக் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் உரிமையையும் மதிக்க வேண்டும், அங்கேதான் ஈ.எம்.எஸ்.ஸும் சறுக்கினார் என்பது என் எண்ணம்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் வேலைக்குப் போகும் கம்பெனியில் ஆயுத பூஜை இருக்கும், கிறிஸ்துமஸ் கேக் இருக்கும், நோன்புக் கஞ்சி இருக்கும். நம்பிக்கை இருந்தால் கும்பிடுங்கள்; இல்லாவிட்டால் மரியாதையாக நில்லுங்கள். ஆனால் அங்கே உழைக்கிறவனுக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்று கேட்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!