பவுடர் பெட்டியில் இருக்கும் பெயர்

அம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான மட்டைப் பெட்டி இருக்கிறது. செம்மஞ்சள் நிறம். மேலே பவுடர் பூசும் பஞ்சுகளின் படங்கள், பூப்போல வரிசையாக. இருபது வருடங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த மாமி கொண்டுவந்த முகப்பவுடர் அதற்குள் இருந்தது. பவுடர் அந்த வருடமே தீர்ந்துவிட்டது. பெட்டியை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அதற்குள் பொத்தான்களும் ஊக்குகளும்தான். மூடியில் நான்கு ஆங்கில எழுத்துகள்: கோட்டி.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது, பத்திரிகை உரிமையாளர்கள் பற்றிய பாடம் ஒன்றுக்காக இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. அங்கேயும் அதே பெயர் வந்தது. பெயர் ஒற்றுமையாக்கும் என்று முதலில் கடந்துபோனேன். இல்லை, ஒரே ஆள்தான். அன்றிலிருந்து இந்த மனிதரை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அவருடைய பெயரே அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டதுதான். 1874 மே 3 ஆம் திகதி கோர்சிகாத் தீவின் அஜாக்சியோவில் பிறந்தபோது அவர் பெயர் ஜோசப் மரி பிரான்ஸுவா ஸ்போதூர்னோ. நெப்போலியன் பிறந்த அதே ஊர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். பரிஸுக்குப் போய், கோர்சிகாவைச் சேர்ந்த அரசியல்வாதி எமானுவேல் அரேனிடம் வேலை பார்த்தார். மருந்துக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவரின் கடையில் கொலோன் கலக்கப் பழகியபோதுதான் தனக்கு நல்ல மூக்கு இருக்கிறது என்று தெரிந்தது. வாசனைத் தொழிலின் தலைநகரான கிராஸுக்குப் போய், ஷிரிஸ் நிறுவனத்தில் தொழில் படித்தார். தாயின் குடும்பப் பெயரான கோத்தியை ஓர் எழுத்து மாற்றிக் கோட்டி ஆக்கிக்கொண்டார். சின்னப் பெயர், எந்த மொழிக்காரர் வாயிலும் நிற்கும்.

1904 இல் வந்த லா ரோஸ் ஜாக்மினோ அவரது முதல் வெற்றி. பரிஸின் லூவ்ர் பேரங்காடியில் அதை வாங்க மறுத்தபோது போத்தல் ஒன்று கீழே விழுந்து உடைந்ததாம், வாசனைக்குப் பெண்கள் கூடிவிட்டார்களாம் என்று ஒரு கதை உண்டு. வேண்டுமென்றே உடைத்தார் என்பவர்களும் இருக்கிறார்கள். விளம்பரம் படித்தவள் என்ற முறையில் என் வாக்கு அவர்களுக்குத்தான். அடுத்த வருடம் லோரிகான் வந்தது.

அக்காலத்தில் வாசனைத் திரவியம் பெரும்பாலும் மருந்துப் போத்தல் போன்ற சாதாரணக் கண்ணாடியில், ஒரு லேபலோடு விற்கப்பட்டது. கோட்டி வேறு விதமாக யோசித்தார். வாசனையை மூக்கு அறியும் முன்னர் கண் அறிய வேண்டும் என்பது அவர் கணக்கு. வாண்டோம் சதுக்கத்தில் அவரது கடைக்குப் பக்கத்திலேயே நகைக் கலைஞர் ரெனே லலீக்கின் கடை. 1900 பரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கியவர் லலீக். முதலில் லேபல்கள் செய்து கொடுத்தார், பிறகு போத்தல்கள். அம்ப்ர் அன்டீக் என்ற வாசனைக்கு அவர் செய்த போத்தலில் பண்டைய கிரேக்க உடையில் நான்கு பெண்கள் சுற்றி நிற்பார்கள், மங்கலான பழுப்புப் பூச்சோடு. கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் இவை ராணிகளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். லலீக் 1909 இல் கண்ணாடியை அச்சில் அழுத்தி வார்க்கும் முறைக்கு ஆக்கவுரிமை கோரினார், கோம்-லா-வில் என்ற ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒரே சிற்பம் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியது.

இதற்குள் ஒரு சட்டக் கணக்கும் இருக்கிறது. வாசனையைச் சொந்தம் கொண்டாடுவது கடினம். செய்முறைக்கு ஆக்கவுரிமை எடுத்தால் அதை வெளியே சொல்ல வேண்டும், காலம் முடிந்ததும் எவரும் செய்யலாம். அதனால் இரகசியமாக வைத்திருப்பதே வழக்கம். 2006 இல்கூட பிரான்சின் மேல் நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை தர மறுத்தது. ஆனால் போத்தலையும் பெட்டியையும் பெயரையும் பதியலாம். பிரான்சின் 1857 ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டம் பெயர், சின்னங்களோடு பொருளைச் சுற்றிவரும் உறையையும் குறியாக ஏற்றது. 1909 யூலை 14 ஆம் திகதி வந்த சட்டம் புதிய வடிவங்களுக்கும் மாதிரிகளுக்கும் தனிப் பாதுகாப்பு கொடுத்தது. கோட்டியின் பெருஞ்செல்வம் திரவத்தில் இருந்த அளவுக்கு அதைச் சுற்றியிருந்தவற்றிலும் இருந்தது. அம்மா ஏன் பெட்டியை எறியவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் மனைவிக்கும் காதலிக்கும் கோட்டி போத்தல்களைக் கொண்டுபோனார்கள். அமெரிக்கா அவரது மிகப் பெரிய சந்தையானது. அங்கேதான் அவருக்கு ஒரு தலையிடியும் வந்தது.

பிரெஸ்டனெட்ஸ் என்ற நியூயோர்க் நிறுவனம் அசல் கோட்டி பவுடரைக் காசு கொடுத்து வாங்கியது. அதில் ஒட்டும் பொருள் சேர்த்து, அழுத்திக் கட்டியாக்கி, கைப்பைக்குள் வைக்கும் உலோகப் பெட்டியில் விற்றது. பெரிய போத்தல் வாசனையை வாங்கிச் சின்னப் போத்தல்களில் நிரப்பியும் விற்றது. உள்ளே இருப்பது போலி அல்ல. ஆனால் வெளியே இருப்பது கோட்டியுடையது அல்ல. கோட்டி, லோரிகான் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட வர்த்தகக் குறிகள். கோட்டி வழக்குப் போட்டார்.

முதல் நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் காட்டியது. தமக்கும் கோட்டிக்கும் தொடர்பில்லை, கோட்டியின் தூள் பவுடரோடு தம் சொந்த ஒட்டுப்பொருளைச் சேர்த்துத் தாமே செய்தது என்று லேபலில் எழுதி விற்கலாம். ஆனால் எல்லா எழுத்தும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். கோட்டி என்ற சொல் மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மென்மையான, ஆவியாகும் பொருளை வேறொருவர் கையாண்டால் கெட்டுவிடும், பழி கோட்டிக்கு வரும் என்று முழுவதுமாகத் தடுத்தது. 1924 ஏப்ரல் 7 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி முதல் தீர்ப்பையே மீட்டது. எழுதியவர் நீதியரசர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். வர்த்தகக் குறி பொய்யைத் தடுக்கத்தான், உண்மையைச் சொல்வதைத் தடுக்க அல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம். பவுடர் கெட்டுப்போனாலும் யார் கலந்தார்கள் என்பது லேபலிலேயே இருக்கிறதே என்றார். சொல்லைச் சொந்தமாக வைத்திருப்பதற்கும் அதை மற்றவர் வாயிலிருந்து பிடுங்குவதற்கும் இடையில் அவர் கோடு கிழித்தார். இன்றும் வர்த்தகக் குறிச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைத் தாண்டிப் போவதில்லை. ஒருமுறை கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் நல்ல போத்தலில் வெறும் வாசனைத் தண்ணீர் வாங்கி ஏமாந்த எனக்கு, அந்த ஒரே அளவு எழுத்து யோசனை நிரம்பப் பிடிக்கும்.

வழக்கு நடந்த காலத்தில் கோட்டி வேறொன்றையும் வாங்கியிருந்தார். 1922 இல் பிரான்சின் பழம்பெரும் நாளிதழான லு ஃபிகாரோ அவர் கைக்கு வந்தது. அடுத்த வருடம் கோர்சிகாவிலிருந்து செனட்டுக்குத் தெரிவானார், அந்தத் தெரிவு செல்லாது என்றாகியது. 1928 இல் லாமி து பப்ல் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெயரின் பொருள் மக்களின் நண்பன். மற்றப் பத்திரிகைகள் 25 சதத்துக்கு விற்றபோது அது 10 சதம். பொருளை அழகான உறையில் மலிவாகக் கொடுக்கும் அதே உத்தி. உள்ளே இருந்தது தொழிலாளர் இயக்கத்தின் மீதும் யூதர்கள் மீதும் வெறுப்பு. வலதுசாரிக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தார், 1933 இல் சொலிதாரித்தே பிரான்சேஸ் என்ற அமைப்பைத் தானே உருவாக்கினார். தன் பெயருக்கு ஒரு துளி கறை பட்டாலும் கடல் தாண்டி வழக்காடிய மனிதர், ஒரு முழுச் சமூகத்தின் பெயரைத் தினமும் 10 சதத்துக்குக் கெடுத்தார். பாடப் புத்தகங்களில் இந்த இரண்டும் இரண்டு வேறு அத்தியாயங்களில் கிடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அழகுக் கலை பற்றிய நூல்கள் போத்தலோடு நின்றுவிடுகின்றன, ஊடக நூல்கள் போத்தலைப் பார்ப்பதே இல்லை. பத்திரிகைக்குப் போன பணம் பவுடர் விற்ற பணம்தானே.

அந்தப் பணம் கரையவும் தொடங்கியது. 1929 இல் மனைவி இவோன் லு பரோனுடன் மணமுறிவு. அதே வருடம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. மணமுறிவுத் தொகை வழக்காகி, கம்பனிப் பங்குகளும் ஃபிகாரோவும் அவர் கையை விட்டுப் போயின. இடையில் 1931 இல் பிறந்த ஊரான அஜாக்சியோவுக்கு மேயரானார். 1934 யூலை 25 ஆம் திகதி லூவெசியேனில் இறந்தபோது வயது 60.

கம்பனி முன்னாள் மனைவியின் குடும்பத்திடம் இருந்தது. 1963 இல் ஃபைசர் மருந்து நிறுவனம் அதை வாங்கியது, 1992 இல் ஜேர்மனியின் பென்கிசர். பெயர் ஒவ்வொரு முறையும் பெட்டியோடு சேர்ந்து கைமாறியது. ஸ்போதூர்னோ என்பதை வாங்க எவரும் வரவில்லை.

போன கிழமை அம்மாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். ஃபிகாரோ பகுதி வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு பெட்டியைத் திறந்து, கறுப்புப் பொத்தான் ஒன்று எடுத்துத் தரச் சொன்னா.