எலும்பிற் பீங்கான் கண்ட ஜோசையா ஸ்போடு

விருந்தினருக்கு நாம் தேநீர் அளிக்கும் வெண்ணிறக் கோப்பைகளுட் சில, ஏறக்குறையப் பாதியளவு எலும்புச் சாம்பலாலாயவை என்று கூறின், நம்மிற் பலர் வியப்புறுவர். அக்கோப்பைகளின் கதை ஓர் ஏழைச் சிறுவனின் கதையாகும்.

ஜோசையா ஸ்போடு என்பார் இங்கிலாந்து தேசத்து ஸ்டாஃபோர்டுஷயரில் 1733ஆம் ஆண்டிற் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாயிருக்கையில் தந்தை இறந்து, வறியோர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1749இல் தாமஸ் வீல்டன் என்னும் புகழ்பெற்ற குயவரிடம் சிறுவர் தொழில் பயிலச் சேர்ந்தார். பல்லாண்டு உழைத்தபின், 1776இல் ஸ்டோக் நகரிலே தொழிற்சாலையொன்றை விலைக்கு வாங்கினார்.

அக்காலத்தில் சீனத்துப் பீங்கானுக்கு நிகரானதைச் செய்ய ஐரோப்பியர் பெரிதும் முயன்றனர். எலும்புச் சாம்பலைக் களிமண்ணோடு கலத்தல் புதிதன்று. லண்டனையடுத்த போ என்னுமிடத்தில் தாமஸ் ஃப்ரை என்பார் 1748 அளவிலேயே அதனைக் கையாண்டார். ஆயினும் கலவையின் அளவு செம்மைப்படவில்லை. கார்ன்வால் மண்ணாலும் கல்லாலும் ஒளி ஊடுருவும் பீங்கான் செய்யும் தனியுரிமையும் 1796 வரை பிறரிடமே இருந்தது.

ஸ்போடு மனந்தளராது சோதித்தார். எலும்புச் சாம்பல் இரு பங்கு, கார்ன்வால் கல் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு என்பதே நிலைபெற்ற அளவாயிற்று. இதன் காரணம் யாதெனின், எலும்பைச் சுட்டால் எஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டேயாம். அது தனித்து நின்றால் எளிதில் நொறுங்கும். கல்லும் களிமண்ணும் தரும் அலுமினா, சிலிகா என்னும் ஆக்ஸைடுகள் சூளை வெப்பத்தில் அதனோடு கூடி, துகள்களை இறுகப் பிணைக்கின்றன.

தம் முயற்சி முழுப்பயன் அளிக்குமுன், 1797இல் ஸ்போடு காலமானார். அவர் பெயரே பூண்ட மைந்தர் அதனை நிறைவேற்றினார். 1806இல் வேல்ஸ் இளவரசர் அத்தொழிற்சாலைக்கே வந்து சிறப்பித்தார்.

இன்று அறிஞர் விலங்கெலும்பினின்று பெற்ற பாஸ்பேட்டைக் கொண்டு, சிதைந்த மனித எலும்பைச் செப்பனிடும் பொருள்களை ஆராய்கின்றனர். அவற்றிற்கு வலிமையூட்ட அலுமினா, சிர்க்கோனியா, டைட்டானியா முதலிய ஆக்ஸைடுகளைச் சேர்க்கின்றனர். அளவு மிகின் மூலப்பொருளே சிதைவுறும். ஆதலின் அவர்க்கும் அளவறிதலே பெரும்பாடு.

எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றதை நாம் வேதத்தில் வாசிக்கிறோம். பிறர் கழித்தெறிந்த எலும்பிலே பயன் கண்ட இவ்வறியவர் மகனை நினைக்குந்தோறும், எப்பொருளையும் எம்மனிதரையும் இழிவென்று தள்ளாதிருக்க நாம் கற்போமாக.