ஓவியனாக விரும்பிய மூளை ஆய்வாளர்

மூளையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஒருவரிடமே போய் நிற்கிறது. அவர்தாம் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1852இல் பிறந்த அவருக்கு ஓவியனாக வேண்டும் என்பதே ஆசை. மருத்துவரான தந்தைக்கோ அது வெட்டி வேலை! அடங்காத மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பிறகு இடுகாட்டு எலும்புகளைக் காட்டி வரையச் சொன்னார். வரைந்து வரைந்தே மகன் மருத்துவத்துக்குள் வந்துவிட்டார்.

அக்காலத்தில் மூளை என்பது பிரிவற்ற ஒரே வலைப்பின்னல் என்று பலரும் நம்பினர். இத்தாலிய அறிஞர் கோல்கியும் அவர்களுள் ஒருவர். அவர் கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையை 1887இல் நேரில் கண்ட கஹால், அதை மேம்படுத்திப் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தார். நுண்ணோக்கியில் கண்டதையெல்லாம் தம் கையாலேயே வரைந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என 1888இல் எழுதினார். கோல்கியின் முறையே கோல்கியின் கருத்தை வீழ்த்தியது! 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த மேடையிலும் கோல்கி உடன்படவில்லை. கஹால் 1934இல் மறைந்தார். நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை 1950களில் மின்னணு நுண்ணோக்கி காட்டியது.

2024இல் பழ ஈ ஒன்றின் மூளையிலுள்ள ஏறத்தாழ 139,000 நரம்பணுக்களின் இணைப்புகளும் வரைபடமாயின. அல்சைமர் நோயில் நினைவு மங்குவதும் இத்தகைய இணைப்புகள் அழிவதோடு நெருங்கிய தொடர்புடையது. இந்த ஆய்வுகளெல்லாம் கஹால் இட்ட கோட்டின்மேல்தான் நடக்கின்றன.

படிப்புக்கு உதவாத கலை எதற்கு என்று யாரேனும் கேட்டால், நான் கஹாலின் ஓவியங்களைத்தான் காட்டுவேன்.