கடலில் ஒரு சுதேசிக் கனவு: வ.உ.சிதம்பரம்பிள்ளை

வளர்முக நாடுகளின் மக்களுக்கு அறிவு உண்டு, உழைப்பு உண்டு. முதலீடும் துணிவும் இல்லை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் குற்றச்சாட்டு. அதனை நூறாண்டுகளுக்கு முன்பே பொய்ப்பித்தவர் வ.உ.சிதம்பரம்பிள்ளை.

1872 செப்டெம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தூத்துக்குடியில் சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான நீராவிக் கப்பற் போக்குவரத்து ஆங்கிலேயரின் பி.ஐ. கம்பனியின் பிடியில் இருந்தது. வணிகரும் தோட்டத் தொழிலாளரும் அக்கம்பனி கேட்ட கட்டணத்தையே கொடுக்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பனி பதிவு செய்யப்பட்டது.

மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது ரூபா 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆசிய நாட்டவர் மட்டுமே பங்குதாரராகலாம் என்பது விதி. இலங்கையருக்கும் அதில் இடமிருந்தது. பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகரிடமிருந்து வந்தது என்பதை வரலாறு மறக்கலாகாது.

தொடக்கத்தில் வாடகைக்குப் பெற்ற கப்பல்கள் போட்டிக் கம்பனியின் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. வாடகைக் கப்பலை நம்பினால் கம்பனி நிலைக்காது என்பதை உணர்ந்த அவர், சொந்தக் கப்பல்களையே வாங்க முனைந்தார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடியை அடைந்தன.

பி.ஐ. கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. குடையும் கொடுத்தது என்பர். அவ்வளவு நட்டத்தைத் தாங்க அந்தப் பெரிய நிறுவனத்தால் முடிந்தது. சிறுசேமிப்பில் பிறந்த சுதேசிக் கம்பனியால் முடியவில்லை.

1908இல் கோரல் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய சிதம்பரம்பிள்ளை, மார்ச் 12இல் கைதானார். அரச நிந்தனைக் குற்றத்துக்காக இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையான அவருக்குக் கப்பலுமில்லை, சட்டத்தொழில் செய்யும் உரிமையுமில்லை. வறுமையோடு போராடியபடியே தொல்காப்பிய உரைப் பதிப்பிலும் திருக்குறள் உரையிலும் ஈடுபட்டார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார்.

அம்முயற்சி தோற்றது மக்கள் பணம் தராததால் அன்று. போட்டியாளரின் பணபலமும் அரசின் அடக்குமுறையும் ஒன்றுசேர்ந்ததால். உள்ளூர் முயற்சிக்கு மூலதனம் மட்டும் போதாது. நேர்மையான சந்தையும் பகையில்லாத அரசும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

கடலை வாழ்வாகக் கொண்ட நம் தீவகத்துக்கு இது அந்நியக் கதையன்று. சாட்டியின் கரையோரத்து மீனவரும் ஊர்காவற்றுறையின் சிறு வணிகரும் பனைத்தொழில் செய்யும் பெண்களும் தனித்தனியே நின்றால் பெருநிறுவனத்தின் விலைக்குப் பணிய வேண்டியவர்களே. இருபத்தைந்து ரூபாப் பங்குகளால் கப்பல் வாங்க முடிந்ததென்றால், கூட்டாகச் சேர்ந்து ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தையோ பதனிடும் ஆலையையோ அமைப்பது நம்மால் ஆகாத காரியமன்று. மதம் பாராது பங்கு சேர்த்த அந்த முன்னோரின் வழி, நமக்கு முன்னே திறந்தே கிடக்கிறது.