மெலியஸ் எரித்தார்... யாரோ ஒருவர் காப்பாற்றினார்! ஸ்டீல் டப்பாவில் திரும்பி வந்த நிலாவின் கதை

வட்டமான முகத்தோடு ஒரு நிலா. அதோட ஒரு கண்ணுல ராக்கெட் ஒண்ணு குத்தி நிக்குது. வலியில முகத்தைச் சுளிக்குது நிலா. இந்தப் படத்தை நீங்க கட்டாயம் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. டி-ஷர்ட்டுல, லேப்டாப் ஸ்டிக்கர்ல, குறைஞ்சது ஒரு மீம்லயாவது!

1902-ல் வந்த 'எ ட்ரிப் டு தி மூன்' படத்தின் காட்சி அது. இன்னிக்கு நாம தியேட்டர்ல வாயைப் பிளந்து பார்க்கிற விண்வெளிப் படங்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. மொத்தமே கால் மணி நேரம்தான் ஓடும்.

2012-ல் அமெரிக்காவின் ஃப்ளிக்கர் ஆலி நிறுவனம், இந்தக் கால் மணி நேரப் படத்தை சேகரிப்பாளர்களுக்காக ஒரு ஸ்டீல் உறையில் போட்டு லிமிடெட் எடிஷனாக வெளியிட்டது. உள்ளே ஒரு ப்ளூ-ரே, ஒரு டி.வி.டி. அதில் படத்தின் வண்ணப் பிரதியும் இருந்தது. ஆமாம், 1902-ம் வருஷத்துப் படம்... கலர்ல!

அந்த வண்ணப் பிரதி, பல பத்தாண்டுகளாக உலகத்தில் எங்குமே இல்லை என்று நம்பப்பட்டது. அது எப்படித் திரும்பி வந்தது என்று தெரிய வேண்டுமானால், படத்தை எடுத்த மனிதரின் கதையை முதலில் கேட்கணும். ஏன்னா, தன்னுடைய படங்களைத் தன் கையாலேயே தீ வைத்துக் கொளுத்தியவர் அவர். பெயர் ஜார்ஜ் மெலியஸ்.

ஷூ கம்பெனி வாரிசு

1861 டிசம்பர் 8-ம் தேதி பாரிஸில் பிறந்தார் மெலியஸ். அப்பா பெரிய ஷூ உற்பத்தியாளர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. படிப்பை முடி, ஃபேக்டரியைப் பார்த்துக்கோ என்பதுதான் குடும்பத்தின் திட்டம். பையனுக்கோ படம் வரைவதிலும் பொம்மலாட்டத்திலும்தான் ஆர்வம்.

1884-ல் அவரை வேலை பழக லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே எஜிப்ஷியன் ஹால் என்ற அரங்கில் மேஜிக் ஷோ பார்த்தவருக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. பாரிஸ் திரும்பியும் விடவில்லை. 1888-ல் குடும்பத் தொழிலில் தன் பங்கைச் சகோதரர்களுக்கே விற்றார். அந்தப் பணத்தில் வாங்கியது என்ன தெரியுமா? பாரிஸின் புகழ்பெற்ற மேஜிக் அரங்கமான ராபர்ட் ஹூதான் தியேட்டரை!

அடுத்த ஏழு வருஷம் மேடைதான் வாழ்க்கை. மேஜிக் செய்வதும் அவரே, அதற்கான கருவிகளை வடிவமைப்பதும் அவரே. அந்த ஏழு வருஷத்தின் முடிவில் வந்தது ஒரு டிசம்பர் இரவு.

மெஷினைத் தர மறுத்தார்கள்

1895 டிசம்பர் 28. பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு முதன்முறையாகப் படம் காட்டிய நாள். பார்த்தவர்களில் மெலியஸும் ஒருவர். ஷோ முடிந்ததும் லூமியேர் சகோதரர்களின் அப்பாவிடம் போய் அந்த மெஷினை விலைக்குக் கேட்டார். தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மனுஷன் விடுவாரா? லண்டனுக்குப் போய் வேறொருவரிடம் புரொஜெக்டர் வாங்கினார். அதன் நுட்பத்தைப் புரிந்துகொண்டு தனக்கென ஒரு கேமரா செய்துகொண்டார். 1896-லேயே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. பாரிஸ் தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கேமரா சில நொடிகள் சிக்கி நின்றுவிட்டது. சரிசெய்து மறுபடி சுற்றினார். பிறகு போட்டுப் பார்த்தால், திரையில் ஓடிக்கொண்டிருந்த பஸ் வண்டி, கண் இமைக்கும் நேரத்தில் சவ வண்டியாக மாறிவிட்டது! கேமரா நின்ற இடைவெளியில் பஸ் போய், அந்த இடத்துக்குச் சவ வண்டி வந்திருந்தது.

நீங்க ரீல்ஸ்ல விரலைச் சொடுக்கி டிரெஸ் மாத்துறீங்களே, அதே டெக்னிக்தான். மெலியஸ் இதை அன்றைக்கே பிடித்துக்கொண்டார். 1896-ல் எடுத்த ஒரு படத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் துணியால் மூடி மாயமாக்கிக் காட்டினார். அந்த நடிகையின் பெயர் ஜான் தால்சி. பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வருவார்.

கண்ணாடி வீட்டில் ஒரு நிலா

1897-ல் பாரிஸை ஒட்டிய மோந்த்ரோயில் தன் நிலத்தில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். கூரையும் சுவரும் கண்ணாடி. சூரிய வெளிச்சம்தான் லைட்டிங். கதை, செட், டிரெஸ், இயக்கம், நடிப்பு என எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. கிட்டத்தட்ட 17 வருஷத்தில் 500-க்கும் மேற்பட்ட படங்கள்!

அதில் உச்சம், 1902-ல் வந்த நிலாப் படம். எடுத்து முடிக்க மூன்று மாதம், செலவு சுமார் 10,000 ஃப்ராங்க் என்பார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆறு விஞ்ஞானிகள் பெரிய பீரங்கியில் குண்டு போலப் பாய்ந்து நிலாவுக்குப் போகிறார்கள். குழுவின் தலைவராக நடித்தவர் மெலியஸேதான். குடையால் ஒரு போடு போட்டால் நிலாவாசிகள் புகையாகி மறைந்துபோவார்கள். எல்லாம் அதே 'கட் பண்ணி ஒட்டும்' மேஜிக்!

கலர் எப்படி வந்தது? கையால்! பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணி ஒரு வண்ணம் தீட்டும் கூடம் நடத்தினார். 200-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஒரு ஃப்ரேமின் அகலம் சுமார் ஓர் அங்குலம். அதற்குள் இருக்கும் சட்டைக்கும் குடைக்கும் மெல்லிய பிரஷ்ஷால் சாயம் பூசணும். ஒருவருக்கு ஒரு நிறம். அவர் முடித்ததும் பிலிம் அடுத்தவரிடம் போகும். ஒரு படத்தின் ஒரு பிரதிக்கு ஆயிரக்கணக்கான ஃப்ரேம்கள். இரண்டாவது பிரதி வேண்டுமா? மறுபடி முதல் ஃப்ரேமிலிருந்து தொடங்கணும். அதனால் கலர் பிரதிகளின் விலையும் அதிகம், எண்ணிக்கையும் குறைவு.

பைரசியில் போன பணம்

படம் சூப்பர் ஹிட். ஆனால், அமெரிக்காவில் அந்தப் பணம் மெலியஸுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. எடிசனின் நிறுவனம் உட்படப் பலர் அதைப் பிரதி எடுத்துத் தங்கள் சரக்காக விற்றுவிட்டார்கள். ஆமாங்க, பல்பு எடிசனேதான்! திருட்டைத் தடுக்க, மெலியஸ் தன் ஸ்டார் ஃபிலிம் நிறுவனத்தின் நட்சத்திரச் சின்னத்தைப் படத்தின் செட்டிலேயே வைக்க ஆரம்பித்தார். இன்றைய வாட்டர்மார்க் மாதிரி. அண்ணன் காஸ்டனை நியூயார்க்குக்கு அனுப்பி 1903-ல் அங்கேயே ஒரு கிளை திறந்தார்.

அதற்குள் சினிமாவே மாறிக்கொண்டிருந்தது. சினிமா பெரிய கம்பெனிகளின் தொழிலாகிவிட்டது. வாரம் 1,000 அடி பிலிம் கொடு என்றது அமெரிக்கக் கூட்டமைப்பு. எல்லாவற்றையும் தன் கையால் செய்து பழகியவருக்கு அந்த வேகம் கட்டுப்படியாகவில்லை. ரசிகர்களின் ரசனையும் நகர்ந்துவிட்டது. 1911-ல் பாத்தே நிறுவனத்திடம் பணம் வாங்கினார். அதற்கு ஈடாக வைத்தது வீட்டையும் ஸ்டூடியோவையும். அந்தப் பணத்தில் எடுத்த படங்கள் ஓடவில்லை. 1913-ல் மனைவி யூஜெனி இறந்துபோனார். அதன் பிறகு மெலியஸ் படமே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் முதல் உலகப்போர். அவரின் ஸ்டூடியோ, காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனையானது. 400-க்கும் மேற்பட்ட படப் பிரதிகளை ராணுவம் எடுத்துக்கொண்டு உருக்கியது. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தார்கள். மிச்சமான செல்லுலாய்டு எதுக்குப் போச்சு தெரியுமா? சிப்பாய்களின் பூட்ஸ் குதிகாலுக்கு! ஷூ தொழிலே வேண்டாம் என்று ஓடிவந்த மனிதரின் படங்கள், கடைசியில் ஷூவாகவே தேய்ந்தன.

தோட்டத்தில் எரிந்த தீ

1923. மெலியஸின் வாழ்க்கையிலேயே மோசமான வருஷம். சாலையை நீட்டிக்க ராபர்ட் ஹூதான் தியேட்டரை இடித்தார்கள். கடனுக்கு ஈடாக மோந்த்ரோய் சொத்து கையை விட்டுப் போனது. அங்கே குவிந்திருந்த நெகட்டிவ்களை வைக்க இடமில்லை, வாங்க ஆளுமில்லை. 61 வயது மெலியஸ் அத்தனையையும் தோட்டத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார்.

ஒரு நிமிஷம் யோசிங்க. போன் தொலைந்து ரெண்டு வருஷத்து போட்டோ போனாலே நமக்குச் சோறு இறங்காது. அவர் எரித்தது தன் வாழ்நாள் உழைப்பை. கோபமா, விரக்தியா? ரெண்டும்தான் இருந்திருக்கும்.

1925-ல், முன்பு திரையில் மாயமாக்கிய அதே ஜான் தால்சியை மணந்தார். ஜான் அப்போது மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். மெலியஸ் அங்கே உட்கார்ந்து பொம்மை விற்றார். எதிரே எத்தனையோ பேர் ரயிலுக்கு ஓடியிருப்பார்கள். நிலாவைக் காட்டியவர் இவர்தான் என்று யாருக்குத் தெரியும்? 2011-ல் வந்த மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ஹியூகோ' பார்த்திருந்தால், அதில் வரும் பொம்மைக் கடைக்காரரை ஞாபகம் இருக்கும். அது இவர்தான்.

1920-களின் இறுதியில் ஒரு சினிமாப் பத்திரிகையாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய பழைய படப் பிரதிகள் சில ஒரு மாளிகையில் கிடைத்தன. 1929 டிசம்பரில் பாரிஸில் அவருக்குப் பெரிய பாராட்டு விழா நடத்தி, அந்தப் படங்களைத் திரையிட்டார்கள். 1931-ல் பிரான்ஸின் உயரிய லெஜியன் ஆஃப் ஹானர் விருது. அதை அணிவித்தவர் லூயி லூமியேர். யாருடைய அப்பா மெஷினைத் தர மறுத்தாரோ, அவரேதான்!

விருது வந்ததே தவிர, வறுமை தீரவில்லை. 1932-ல் ஓர்லியில் இருந்த சினிமாக்காரர்களின் முதியோர் இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். மனைவியோடும் பேத்தி மேடலினோடும் அங்கே வாழ்ந்தார். 1938 ஜனவரி 21-ல் புற்றுநோயால் இறந்தார். தாத்தாவின் படங்களைத் தேடிச் சேர்ப்பதையே பேத்தி தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 500-க்கும் மேற்பட்ட படங்களில் இன்று சுமார் 200 மிஞ்சியிருக்கின்றன.

பார்சிலோனாவில் ஒரு பிலிம் கட்டி

நிலாப் படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதிகள் தப்பித்துவிட்டன. கலர் பிரதி மட்டும் ஒன்றுகூட இல்லை. மெலியஸ் இறந்து 55 வருஷம் கழித்து, 1993-ல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், பார்சிலோனாவின் திரைப்படக் காப்பகத்துக்குப் பழைய பிலிம் சுருள்களைக் கொடுத்தார். அதில் ஒன்று, கையால் வண்ணம் தீட்டிய நிலாப் படம். ஆனால், சுருள் ஒட்டி இறுகி மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது.

1999-ல் பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் அந்தக் கட்டியைப் பெற்றது. ரசாயன ஆவி காட்டி, பிலிமை இளக்கி, துண்டு துண்டாகப் பிரித்துப் படம் பிடித்தார்கள். நொறுங்கிய துண்டுகளைச் சேர்த்து ஓட வைக்கும் தொழில்நுட்பமும் பணமும் அப்போது கைவசம் இல்லை. அதனால் எடுத்ததை ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2010-ல்தான் பிரெஞ்சு அறக்கட்டளைகள் இரண்டு கைகொடுத்தன. 13,375 ஃப்ரேம்கள். காணாமல்போன இடங்களைக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து எடுத்து, வண்ணம் சேர்த்து நிரப்பினார்கள். 2011 மே மாதம் கான் திரைப்பட விழாவின் தொடக்க நாளில் நிலா மறுபடி வண்ணத்தில் எழுந்தது. மறு வருஷம் ஸ்டீல் உறைக்குள் வந்தது.

இந்தப் பிரதியில் ஒரு கொடி வருகிறது. அதன் நிறம் ஸ்பெயின் கொடியின் சிவப்பும் மஞ்சளும்! பிரெஞ்சுப் படத்தில் ஸ்பெயின் கொடியா? ஸ்பெயின் தியேட்டருக்கு விற்பதற்காகத் தீட்டிய பிரதியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கோ ஓடி முடிந்த ஒரு பிரதி. அதை யாரோ குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எடுத்தவரே எரித்த படங்களுக்கு நடுவில், சம்பந்தமே இல்லாத ஒருவர் தூக்கிப் போடாததால் இது பிழைத்தது. நம்ம வாட்ச்லிஸ்ட்டில் இருக்கும் படம் நாளைக்கே ஓ.டி.டி-யிலிருந்து காணாமல்போகலாம். டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்கும் சேகரிப்பாளர்களை, பழைய ஆளுங்கப்பா என்று சிரிக்கிறோம். மெலியஸின் கதையைக் கேட்ட பிறகு அப்படிச் சிரிக்க முடியுமா?

இன்னிக்கு நைட் ரீல்ஸுக்கு 15 நிமிஷம் லீவு விடுங்க. யூடியூபில் இந்தப் படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி இலவசமாகவே கிடைக்குது. போட்டுப் பாருங்க. அப்படியே உங்க வீட்டுப் பரண் மேல இருக்கிற பழைய கேசட்டையும் ஆல்பத்தையும் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை தூசி தட்டிப் பார்த்துடுங்க!