நடிகவேள் எம்.ஆர்.ராதா: சபையைச் சீண்டிய கலைஞர்

நடிகர் வசனம் பேச வேண்டும். சபையோர் கைதட்ட வேண்டும். இது நாடக மேடையின் எழுதப்படாத ஒப்பந்தம். அதைக் கிழித்தெறிந்தவர் நடிகவேள் எம்.ஆர்.ராதா. இன்று நிகழ்த்துகலை என்று பல்கலைக்கழகங்களில் பயிலப்படுவதை, அப்பெயர் அறியாமலேயே தமிழ் மேடையில் செய்து காட்டியவர் அவர்.

ராதா 1907ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். இராணுவ வீரரான தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். சிறுவயதில், தாய் மீன் துண்டு குறைத்து வைத்தார் என்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடி, நாடகக் குழுவில் சேர்ந்தார். அதன்பின் நாடகக் கொட்டகையே அவருக்கு வீடும் பள்ளியும் ஆனது.

பெரியாரின் சுயமரியாதைக் கொள்கை அவரை ஆட்கொண்டது. அந்தப் பெரியார் 1929 டிசம்பரில் தம் மலாயாப் பயணத்தைத் தொடங்க வந்திறங்கியது நம் பினாங்கில்தான். பெரியார் மேடையில் பேசியதை ராதா நாடகமாக்கினார். அன்றைய நாட்டு நடப்பை வசனத்துக்கு நடுவே நுழைத்துக் கிண்டலடிப்பார். கூச்சலிடுவோருக்கு மேடையிலிருந்தே பதிலடி கொடுப்பார். எதிர்ப்பும் அவருக்கு நாடகத்தின் ஒரு காட்சிதான். தூக்குமேடை நாடகத்தை எழுதிய மு.கருணாநிதிக்குக் கலைஞர் என்ற பட்டத்தைச் சூட்டியவரும் இவரே.

இராமாயணத்தைப் பகடி செய்த நாடகத்துக்கு, மனம் புண்படுவோர் வரவேண்டாம் என்று தாமே விளம்பரம் செய்தார். தடை வந்தால் தலைப்பை மாற்றி நடத்தினார், சிறையும் சென்றார். 1954ஆம் ஆண்டின் சென்னை நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவரை மனத்தில் வைத்தே இயற்றப்பட்டது என்பர். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் நாடகம் 1954இல் திரைப்படமானது. வெளிநாட்டு மோகத்தில் திரியும் மோகனசுந்தரம் தொழுநோய் கண்டு சீரழிகிறான். இறுதியில் தன் மனைவியை நண்பனுக்கே மணமுடித்து வைக்கிறான். அன்று அது பெரும் புரட்சி. ஆயினும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழுநோய் பாவத்தின் சம்பளமன்று. மருந்தால் குணமாகும் தொற்று. பினாங்குப் பாலத்தில் செல்லும்போது தெரியும் ஜெரஜாக் தீவில் ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்தனர். மூடநம்பிக்கையைச் சாடிய கலைஞர், இந்த ஒன்றைத் தாமே சுமந்தார்.

அவர் வாழ்வின் பெருங்கறை 1967 ஜனவரி 12. அன்று எம்.ஜி.ஆர். அவரது இராமாபுரம் இல்லத்தில் சுடப்பட்டார். ராதாவும் குண்டுக் காயம் அடைந்தார். இருவரும் பிழைத்தனர். எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனது. ராதா தண்டனை பெற்று 1971இல் விடுதலையானார். மேடையில் எத்தனையோ பேரைச் சொல்லால் சுட்டவருக்குத் துப்பாக்கி தேவைப்பட்டிருக்கக் கூடாது. கலையின் துணிவு இக்குற்றத்தை நியாயப்படுத்தாது. இக்குற்றம் அவரது கலையை அழித்துவிடவும் இல்லை.

1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாளன்று, திருச்சியில் ராதா காலமானார்.

நம் கலை இரவுகளில் யாரையும் நோகடிக்காத நகைச்சுவை நாடகங்களையே மேடையேற்றுகிறோம். கைதட்டல் கிடைக்கிறது; மறுநாள் மறந்துவிடுகிறது. சபையோரின் கோபத்துக்கும் மேடையில் இடமளித்த அந்த மனிதரை, அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை பார்க்குமுன் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.